வானில் வழி கண்டவர்

1904இல் பாரிஸில் பிறந்த ஜே.ஆர்.டி. டாட்டா, 1929இல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் பைகளுடன் சிறு விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார். அங்கிருந்து அவ்வஞ்சலை அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார். வானில் செல்வோர் அரிதாயிருந்த அக்காலத்தில் அஞ்சல் வருவாயே நிறுவனத்தைத் தாங்கியது. பின்னர்ப் பயணியர் போக்குவரத்து வளர்ந்தது. 1948இல் ஏர் இந்தியா இண்டர்நேஷனல் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் பறந்தது. விமானங்களின் எண்ணிக்கையில் அயல்நாட்டு நிறுவனங்களுக்கு ஈடுகொடுக்க இயலாத நிலையில், காலந்தவறாமையையும் விருந்தோம்பலையும் அவர் தம் வலிமையாக்கினார். 1953இல் அரசு விமான நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியது. அம்முடிவை எதிர்த்தவராயினும், தாம் வளர்த்த பணி தளரலாகாது என்னும் அக்கறையால் ஊதியம் பெறாமலே 1978 வரை ஏர் இந்தியாவின் தலைவராகத் தொண்டாற்றினார். உடைமை கைமாறிய பின்னும் கடமையில் நிலைத்து நின்ற அவருக்கு 1992இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.