டியோ சோகா எழுதிய மறுப்பு

தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்தவ மிஷனரிகள் ஏற்படுத்திய தாக்கம் குறித்து இருவேறு தீர்ப்புகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. கல்வியும் எழுத்தும் அளித்த கொடையாளர்கள் என்பது ஒன்று. நிலம் பறித்த பேரரசின் முன்னணிப் படை என்பது மற்றொன்று. இரண்டிலுமே அம்மண்ணின் மக்கள் கையேந்தி நிற்பவர்களாகவோ, பறிகொடுத்தவர்களாகவோ மட்டுமே காட்சியளிக்கின்றனர். டியோ சோகாவின் வாழ்க்கை இப்பார்வையைத் திருத்துகிறது.

இன்றைய கிழக்கு கேப் மாகாணத்தில், கோசா இனத்தில் 1829-இல் பிறந்தவர் சோகா. அவருடைய தந்தை, ங்கிகா என்னும் குடித்தலைவரின் ஆலோசகர். தம் மரபுச் சமயத்தை விடாதவர். ஆயினும் கோசா மக்களில் முதன்முதலாகக் கலப்பை கொண்டு உழுது, வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தோருள் ஒருவர். வந்தவர்களின் கருவியை ஏற்றுக்கொண்டு சமயத்தை மறுக்கவும் முடியும் என்பதற்கு அவரே சான்று. தாய் நோசுத்துவோ கிறிஸ்தவத்தைத் தழுவினார். மகன் மிஷன் பள்ளியில் பயின்றார்.

1846-இல் மூண்ட எல்லைப் போரால் லவ்டேல் பள்ளி மூடப்பட, ஆசிரியருடன் ஸ்காட்லாந்து சென்றார் சோகா. தாயகம் திரும்பியவரை அடுத்த போர் மீண்டும் அங்கேயே அனுப்பியது. கிளாஸ்கோவில் பயின்று, 1856-இல் குருப்பட்டம் பெற்றார்; தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவரில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. மறு ஆண்டு ஜேனட் பர்ன்சைடு என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணை மணந்து தாயகம் திரும்பினார்.

திரும்பியபோது அவருடைய நாடு பாழ்பட்டுக் கிடந்தது. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த நுரையீரல் நோய் கால்நடைகளைக் கொன்று கொண்டிருந்தது. எஞ்சியவற்றையும் வெட்டி, தானியத்தையும் அழித்தால் முன்னோர் மீண்டெழுந்து வெள்ளையரை விரட்டுவர் என்று நோங்கவூசே என்னும் சிறுமி கூறியதைப் பலர் நம்பினர். ஏறத்தாழ 4 லட்சம் மாடுகள் மடிந்தன. சுமார் 40,000 பேர் பட்டினியால் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. கோசா மக்களுக்கு மாடுதான் சேமிப்பு, காப்பீடு, மணக்கொடை எல்லாம். அது அழிந்ததும் உயிர் பிழைத்தோர் கேப் காலனியில் கூலிகளாயினர். அவர்தம் நிலத்தில் பெரும்பகுதி வெள்ளையர் வசமாயிற்று.

அந்த அழிவினிடையே ம்குவாலியில் மிஷன் நிலையம் அமைத்தார் சோகா. விருத்தசேதனச் சடங்கு செய்துகொள்ளாததால் கோசா மரபினர் பலர் அவரை முழு ஆண்மகனாகவே ஏற்கவில்லை; வெள்ளையரிடையே அவருடைய நிறம் மறக்கப்படவுமில்லை. இருதரப்பும் ஒதுக்கிய அவர் எழுத்தைத் துணைக்கொண்டார். 1862-இல் தொடங்கிய 'இண்டாபா' இதழில், கோசா மக்களின் கதைகளையும் வரலாற்றையும் எழுத்தில் பதிந்து காக்குமாறு வலியுறுத்தினார். ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' நூலின் முதற்பாகத்தைக் கோசா மொழியில் பெயர்த்து 1867-இல் வெளியிட்டார்.

1865-இல் அவருடைய சக மிஷனரியான ஜான் சால்மர்ஸ், கோசா இனம் சோம்பலால் அழிந்தொழியும் என்று எழுதினார். சோகா ஆங்கில இதழொன்றில் அதை மறுத்தார். அடிமை வாணிகத்தையும் கடந்து நிலைத்த கறுப்பினம் ஆப்பிரிக்காவிலும் அதற்கு அப்பாலும் பரவி வாழ்வதை எடுத்துக்காட்டி, அழிவு விதிக்கப்பட்டதன்று என வாதிட்டார். மிஷன் கற்றுத் தந்த மொழியிலேயே, மிஷனரி ஒருவரின் தீர்ப்பு மறுக்கப்பட்டது.

காசநோயால் நலிந்து, 1871-இல் தம் 42-ஆம் வயதில் அவர் மறைந்தார். தாய் வெள்ளையர் என்பதற்காகத் தங்களை வெள்ளையராக எண்ணாமல், தந்தையின் இனத்தவராகவே தலைநிமிர்ந்து நிற்கவேண்டும் என்று பிள்ளைகளுக்கு எழுதிவைத்திருந்தார்.

பிள்ளைகளில் ஒருவர் மருத்துவர்; ஒருவர் வரலாற்றாசிரியர்; ஒருவர் இதழாசிரியர். இன்னொருவரான ஜோட்டெல்லோ, தென்னாப்பிரிக்காவின் முதல் கறுப்பின கால்நடை மருத்துவர். 1890-களில் மாடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற வெக்கை நோயை ஒடுக்கும் பணியில் அவர் ஈடுபட்டார். மாடிழந்து மண்ணிழந்த ஒரு மக்களுக்கு, அழியப்போவதாகச் சொல்லப்பட்ட அவர்களுள் ஒருவரே மருந்தோடு வந்தார். மிஷன் பள்ளிகளின் கணக்கை எழுதுவோர், கொடுத்தவர் பெயரோடு நில்லாமல், பெற்றவர் அதைக்கொண்டு என்ன செய்தார் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.