எல்லையில் நின்ற பாட்டு: கோபாலகிருஷ்ண பாரதியார்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இசைநாடகத்துக்கு உயிரூட்டியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் அந்தணர் குடியில் பிறந்தவர். முடிகொண்டானிலும் ஆனதாண்டவபுரத்திலும் மாயூரத்திலும் வாழ்ந்தார். மாயூரம் கோவிந்த சிவத்திடம் வேதாந்தமும், ராமதாஸரிடம் இந்துஸ்தானி இசையும் கற்றார். திருமணம் செய்துகொள்ளாமல், இசையையும் சிவபக்தியையுமே துணையாகக் கொண்டார்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சுருங்கச் சொன்ன திருநாளைப்போவார் வரலாற்றைப் பாரதியார் நந்தனார் சரித்திரமாக விரித்தார். சேக்கிழார் கூறாத வேதியர் ஒருவர் அதில் வருகிறார். நந்தன் அவருடைய பண்ணையாள். சிதம்பரம் செல்ல ஆண்டையின் உத்தரவு வேண்டும்; உத்தரவோ எளிதில் கிடைப்பதில்லை. காவிரிக் கரையின் பண்ணை அடிமை வாழ்வை அருகிருந்து கண்ட கவிஞரின் படைப்பு இது. தம் குலத்தவரின் கடுமையையும் அவர் மறைக்கவில்லை.

மேனாட்டு ஓபராவில் ஆரியா என்றொரு தனிப்பாடல் உண்டு. அங்கே கதை நின்றுவிடும். பாத்திரத்தின் உள்ளம் மட்டும் பேசும். நந்தனார் சரித்திரத்தில் அந்த இடம் மாஞ்சி ராகத்தில் அமைந்த ‘வருகலாமோ’ என்னும் பாடலுக்கு உரியது. எத்தனையோ தடைகளைக் கடந்து தில்லை எல்லையை அடைந்த நந்தன், அதற்கு மேல் அடியெடுத்து வைக்க அஞ்சி, உள்ளே வரலாமா என்று இறைவனையே கேட்கிறான். சினமில்லை, வாதமில்லை; மாஞ்சியின் குழைவில் அவ்வினா மீண்டும் மீண்டும் எழுகிறது. விடை சொல்ல வேண்டியவன் இறைவன். தலைகுனிய வேண்டியவர்கள் கேட்டிருப்போர். அப்பாடலின் ஆற்றல் இதில்தான் இருக்கிறது.

புலவர் உலகம் இந்நூலை உடனே ஏற்கவில்லை. சிறப்புப்பாயிரம் வேண்டிப் பலமுறை வந்த பாரதியாரை, இலக்கணப் பிழைகளையும் மூலக் கதையினின்று விலகியதையும் எண்ணி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவிர்த்து வந்தார். ஒருநாள் திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனம் ஒன்றை உருகிப் பாட, பிள்ளையவர்களின் மனம் இளகியது, பாயிரமும் கிடைத்தது. 1860களின் தொடக்கத்தில், பிரெஞ்சு அதிகாரி சிசே என்பவரின் ஆதரவால் காரைக்காலில் நூல் அச்சேறியது. பாரதியார் 1896இல் மறைந்தார். நந்தன் திரைக்கும் வந்தான். 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் அவ்வேடம் ஏற்றனர்.

கள்ளக்குறிச்சியும் சிதம்பரமும் 1993 வரை தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தவை. கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுத்தாறு விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றில் கலந்து, சிதம்பரத்துக்கு வடக்கே பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. அந்த நீர் யாரிடமும் உத்தரவு கேட்டதில்லை. மனிதன் கேட்க நேர்ந்ததைப் பாரதியார் பாட்டாக்கினார். கோயில் வாசலில் ஒருவரேனும் தடுத்து நிறுத்தப்படும் வரை அப்பாட்டு பழமையடையாது.