கத்தரி முதல் மக்னோலியா வரை... செடிகளைக் கேள்வி கேட்ட ஜானகி அம்மாள்!

திருக்கழுக்குன்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வேதகிரி மலை. பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் மொட்டை மாடிகள். பழைய பெயின்ட் பக்கெட்டில் கறிவேப்பிலை, விரிசல் விட்ட குடத்தில் புதினா, க்ரோ பேக்கில் கத்தரி. பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கிற வீடு என்றால் கட்டாயம் ஒரு வாழை. இந்த ஊர்க் கோயிலின் தல விருட்சமே வாழைதானே!

தினமும் தண்ணி ஊத்துறோம், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம். ஆனா, அந்த வாழைப்பழத்துக்குள் ஏன் விதை இல்லை என்று யோசித்திருக்கிறோமா? கடையில் வாங்கிய ஹைபிரிட் கத்தரியின் விதையை எடுத்து மறுபடியும் போட்டால், ஏன் அதே மாதிரி காய் வருவதில்லை? ஒரே மாதிரித் தொட்டி, ஒரே மண், ஒரே தண்ணி... ஆனாலும் ஒரு செடியின் பூ மட்டும் ஏன் பெருசு?

இந்த மாதிரிக் கேள்விகளையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர் ஒருவர் இருந்தார். தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாள். உலகம் சுற்றிவிட்டு, கடைசி 13 ஆண்டுகளை அவர் கழித்தது மதுரவாயலில். இன்றைக்குச் சென்னைக்குள் இருக்கும் மதுரவாயல், அன்றைக்குத் திருக்கழுக்குன்றத்தைப் போலவே செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். அந்த வகையில் இது நம்ம ஏரியா கதையும்கூட!

அப்பாவின் தோட்டத்தில் தொடங்கிய கதை

இடவலத்து கக்காட்டு ஜானகி, 1897 நவம்பர் 4-ம் தேதி தலச்சேரியில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தின் மலபார் பகுதி. அப்பா கிருஷ்ணன் அங்கே நீதிபதி. கோர்ட் நேரம் போக அவருக்கு இரண்டு பிரியங்கள்... தோட்டம், பறவைகள். வீட்டைச் சுற்றிச் செடி வளர்த்தார், வட மலபார்ப் பறவைகளைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். கூட்டம் நிறைந்த பெரிய வீடு அது. அந்தக் கூட்டத்தில் அப்பாவின் தோட்டப் பைத்தியம் தொற்றிக்கொண்டது ஜானகிக்குத்தான்.

நூறு பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்த காலம் அது. அக்கா, தங்கைகளுக்கு வரிசையாகக் கல்யாணம் நடந்தது. ஜானகி படிப்பு போதும் என்று நிற்கவில்லை. சென்னைக்கு ரயிலேறி ராணி மேரி கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரி என்று படித்து, 1921-ல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் வாங்கினார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். ஆசியப் பெண்களுக்கான பார்பர் ஸ்காலர்ஷிப் கிடைத்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1931-ல் அங்கேயே டாக்டர் பட்டம்.

அவர் கையில் எடுத்தது அரிய மலைக்காட்டு மரத்தை அல்ல. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தது, நம்ம சொடக்குத் தக்காளியைப் போலக் காய்க்கும் 'நிகாண்ட்ரா' என்ற செடியை. கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் சேர்ந்த அதே குடும்பம்தான். கத்தரியிலும் கலப்புகள் செய்து பார்த்தார். அவர் உருவாக்கிய ஒரு கத்தரி, 'ஜானகி பிரிஞ்சால்' என்று அவர் பெயராலேயே அறியப்பட்டது. நம்ம மாடியில் இருக்கிற கத்தரிதான், ஒரு விஞ்ஞானிக்கு முதல் படி!

கரும்புக்கு அத்தை, மாமா யார்?

1934-ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஜாவா பக்கத்துக் கரும்பு தடிமன், செம இனிப்பு. ஆனால், நம்ம வட இந்தியக் குளிரையும் நோய்களையும் அதால் தாங்க முடியவில்லை. ஆற்றங்கரையில் யாரும் கவனிக்காமல் வளரும் பேய்க்கரும்பு இனிக்காது. ஆனால், எதையும் தாங்கும். இரண்டையும் கலந்து புது ரகம் தரும் வேலையை பார்பரும் வெங்கட்ராமனும் அங்கே ஏற்கெனவே தொடங்கியிருந்தார்கள். ஜானகி பார்த்தது அதன் உள் கணக்கு. எந்தக் கரும்பில் எத்தனை குரோமோசோம், கலந்தால் என்ன ஆகும், எது எதற்குச் சொந்தம்? மைக்ரோஸ்கோப் வழியாக எண்ணி எண்ணிப் பார்த்தார். கரும்பு ஒரு புல் இனம்தானே என்று அதை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். மூங்கிலோடும் கலந்து பார்த்தார்!

வேலை பிடித்திருந்தது. சூழல் அப்படி இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாத தனிப் பெண். அதிலும், தாழ்வாகப் பார்க்கப்பட்ட திய்யா சமூகத்திலிருந்து வந்தவர். ஆண்கள் நிறைந்த ஆய்வுக்கூடத்தில் அவர் சந்தித்த கசப்புகளை, அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1939-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார். அந்த நேரம் பார்த்து இரண்டாம் உலகப் போர் வெடித்தது. ஜானகி இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். அடுத்த 12 ஆண்டுகள் அங்கேதான்.

குண்டு விழும் இரவு, செடி பார்க்கும் பகல்

லண்டனில் ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வேலை. கூடவே நம்ம ஊர் அணில் ஒன்றையும் வைத்து வளர்த்தார். அதன் பெயர் கபோக். இலவம்பஞ்சுக்கு ஆங்கிலத்தில் சொல்கிற பெயர் அது! ராத்திரியில் விமானங்கள் குண்டு போடும்போது கட்டிலுக்கு அடியில் பதுங்குவாராம். விடிந்ததும் ஆய்வுக்கூட அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வாராம். அவர் குடும்பத்தில் இன்றும் சொல்லப்படும் கதை இது.

1945-ல், சி.டி.டார்லிங்டனுடன் சேர்ந்து ஒரு பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்தார். மனிதர்கள் பயிரிடும் ஆயிரக்கணக்கான தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைப் பட்டியல் அது. கேட்க போரடிக்கிற மாதிரி இருக்கா? வாழைக்கு வாங்க. பொதுவாகச் செடிகளுக்கு அம்மா வழியில் ஒரு செட், அப்பா வழியில் ஒரு செட் என்று இரண்டு செட் குரோமோசோம்கள். நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று செட். விதை உண்டாகும்போது மூன்றைச் சமமாகப் பங்கு போட முடியாது. அதனால்தான் விதை இல்லை, பக்கக் கன்றை எடுத்து நடுகிறோம். நம்ம கொல்லையில் இருக்கிற வாழை, யாரோ எப்போதோ ரசித்துத் தேர்ந்தெடுத்து, கன்று கன்றாகக் கை மாற்றிக் கொடுத்த ஒரு செடியின் தொடர்ச்சி. எண்ணிக்கைக்குப் பின்னால் இருப்பது இந்த மனிதக் கதைதான்.

பிறகு விஸ்லியில் உள்ள ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டியின் தோட்டத்தில் வேலை. அங்கே சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட முதல் பெண் விஞ்ஞானி அவர். 'கோல்சிசின்' என்ற பொருளைத் தண்ணீரில் கரைத்து இளம் நாற்றுகளின் குருத்தில் விட்டார். செல் பிரியும்போது குரோமோசோம்கள் பிரிய விடாமல் அது தடுக்கும். எண்ணிக்கை இரட்டிப்பாகும். இலை தடிக்கும், பூ பெருக்கும். இப்படி அவர் பார்த்துப் பார்த்து வளர்த்த மக்னோலியா கன்றுகள் அந்தத் தோட்டத்தின் குன்றில் நடப்பட்டன. அதில் ஒரு ரகத்துக்கு 'ஜானகி அம்மாள்' என்றே பெயர். வசந்த காலத்தில் வெள்ளை வெளேரென்று பூக்கும்.

அந்த கோல்சிசின் நமக்கு அந்நியமானது இல்லை. நம்ம மாநில மலர் செங்காந்தளிலும் அது இருக்கிறது.

எரிந்துபோன ஒரு மரம்

பிரதமர் நேருவின் அழைப்பில் 1951-ல் இந்தியா திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைப்பது அவர் பொறுப்பு. அலகாபாத், ஜம்மு என்று ஊர் ஊராக ஓட்டம். இந்தச் சுற்றலில்தான் அவர் பார்வை இன்னும் விரிந்தது. ஒருமுறை, ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணித்து அரிய மக்னோலியா மரம் ஒன்றைத் தேடிப் போனார். அந்தப் பகுதியில் அந்த வகையில் மிச்சமிருந்த ஒரே மரம். போய்ப் பார்த்தால், அது எரிக்கப்பட்டிருந்தது.

புது ரகம் உருவாக்க ஓர் ஆய்வுக்கூடம் போதும். தொலைந்த இனத்தைத் திரும்பக் கொண்டுவர எந்த ஆய்வுக்கூடமும் இல்லை. இது திருக்கழுக்குன்றத்துக்காரர்களுக்குச் சொல்லியா தெரியணும்? உச்சி வேளையில் மலைக்கு வந்து உணவு வாங்கிப் போன கழுகுகளைப் பற்றித் தாத்தா, பாட்டி கதை கதையாகச் சொல்வார்கள். ஊர்ப் பெயரில் கழுகு இருக்கிறது. கழுகு வருவது நின்று பல வருஷம் ஆகிறது.

1955-ல், பூமியின் முகத்தை மனிதன் எப்படி மாற்றுகிறான் என்று பேசுவதற்காக அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உலக அறிஞர்கள் கூடினார்கள். அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி. எளிய மக்கள் தங்கள் ஊர்ச் செடிகளை நம்பி நடத்தும் வாழ்வு பற்றி அங்கே பேசினார். 80 வயது தாண்டியும், கேரளத்தின் சைலன்ட் வேலி காட்டை மூழ்கடிக்க இருந்த நீர்மின் திட்டத்துக்கு எதிராக நின்றார். அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோம் கணக்கெடுப்பிலும் இறங்கினார். திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்கா ஆனது. அதைப் பார்க்க அவர் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில், 86 வயதில் விடைபெற்றிருந்தார்.

மதுரவாயலின் மஞ்சள் புடவை

1970-ல், 73 வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு வந்தார். ஓய்வு எடுக்க இல்லை. மதுரவாயலில் இருந்த அதன் கள ஆய்வுக்கூடத்திலேயே தங்கி, மூலிகைத் தோட்டம் போட்டார். பெரும்பாலும் மஞ்சள் நிறப் புடவை, எளிய சாப்பாடு, காலைச் சுற்றும் பூனைகள். அந்தப் பூனைகளுக்குள் என்னென்ன வித்தியாசம் என்பதையும் கவனித்துக்கொண்டிருந்தார். 1977-ல் பத்மஸ்ரீ வந்தது. அவரோ வழக்கம்போலச் செடிகளுக்கு நடுவே இருந்தார்.

தன் வாழ்நாளில் அவர் ஆராய்ந்த செடிகளின் பட்டியலைப் பாருங்கள்... கத்தரி, கரும்பு, புதினா, எலுமிச்சம்புல், ஊமத்தை, வள்ளிக்கிழங்கு. கிட்டத்தட்ட ஒரு வீட்டுத் தோட்டம்! நோபல் பரிசு பெற்றவர்களோடு சபையில் உட்கார்ந்த ஒருவருக்கு, வாழ்நாள் முழுக்க அலுக்காத துணையாக இருந்தவை இவைதான். பின்னாளில் கொடைக்கானல் ரோஜா வல்லுநர்களான வீரராகவன் - கிரிஜா தம்பதி, தாங்கள் உருவாக்கிய ஒரு ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். வேறென்ன மரியாதை வேணும்?

உங்க மாடிக்கு ஜானகி அம்மாள் பாடங்கள்!

நாட்டுக் கத்தரி வைங்க: ஹைபிரிட் செடியின் விதை, அடுத்த தலைமுறையில் அம்மா, அப்பா குணங்களாகப் பிரிந்துவிடும். நாட்டு ரகம் என்றால், ஒரு காயை மட்டும் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்க விடுங்க. விதையைக் கழுவி நிழலில் காயவைத்தால் அடுத்த பட்டத்துக்கு ரெடி. வேறு வேறு ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூச்சிகள் கலந்துவிட வாய்ப்புண்டு. தொட்டிகளைத் தள்ளி வைங்க.

புதினாவுக்குக் காசு வேண்டாம்: சமையலுக்கு வாங்கிய கட்டிலிருந்து நல்ல தண்டுகளை எடுத்துத் தண்ணீரில் வைங்க. வேர் விட்டதும் அகலமான தொட்டியில், மதிய வெயில் நேராகப் படாத இடத்தில் நடலாம்.

எலுமிச்சம்புல்லைப் பிரிச்சுக் கொடுங்க: தூர் கட்டித் தொட்டி நிறைந்ததும், வேரோடு பிரித்து இன்னொரு தொட்டியில் வைக்கலாம். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். டீயில் ரெண்டு துண்டு போட்டால் வாசனை தூக்கும்.

செங்காந்தள் அழகு, ஆனால் நஞ்சு: கிழங்கு உட்பட முழுச் செடியுமே விஷம். குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம்.

பெயர் எழுதி வைங்க: என்ன ரகம், யார் கொடுத்தது, எந்தத் தேதியில் நட்டது? ஐஸ்க்ரீம் குச்சியில் எழுதித் தொட்டியில் செருகினால் போதும். செடியை எல்லாரும் பார்ப்போம். குறித்து வைத்தவர்தான் விஞ்ஞானி ஆனார்.

மாடியில் இரண்டே இரண்டு தொட்டிதான் இருக்கா? பரவாயில்லை. அதில் ஒன்று, இன்னும் நாலு வீட்டுக்கு விதை கொடுக்கிற செடியாக இருக்கட்டும். பத்திரப்படுத்தி, கை மாற்றிக் கொடுக்க ஆள் இருக்கிற வரைக்கும் எந்தச் செடியும் கடைசிச் செடி ஆகாது.