வெயிலில் உறைந்த பனிக்கட்டி

1878-இல் பாரீஸ் உலகக் கண்காட்சிக்கு வந்தவர்கள், வெயிலைக் கொண்டே ஒருவர் பனிக்கட்டி உருவாக்கியதைக் கண்டு வியந்தனர். அவர் அகஸ்டின் மூஷோ.

1825-இல் பிறந்த மூஷோ ஒரு கணித ஆசிரியர். நிலக்கரி ஒருநாள் தீர்ந்துவிடும். பிறகு ஆலைகள் எதைக் கொண்டு இயங்கும் என்ற கவலை 1860 வாக்கில் அவரை ஆட்கொண்டது. நிலக்கரிப் புகையையே வளத்தின் அடையாளமாகக் கருதிய காலம் அது! சூரிய வெப்பத்தில் நீராவி உண்டாக்கி இயங்கும் எந்திரத்தை உருவாக்கி, பேரரசர் மூன்றாம் நெப்போலியனிடம் காட்டினார். அரசின் ஆதரவு கிடைத்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவின் கடும் வெயிலிலும் சோதனைகள் நடத்தினார்.

கண்காட்சியில் அவர் நிறுத்தியது, கூம்பு வடிவிலான மாபெரும் ஆடி. அது கதிர்களை நடுவிலிருந்த கொதிகலன் மீது குவித்தது. அந்த வெப்பமே குளிரூட்டும் கருவியை இயக்கியது. தங்கப் பதக்கமும் பெற்றார்.

ஆனால், நிலக்கரி தீரவில்லை, மலிவாகவே கிடைத்தது. சூரிய எந்திரம் செலவுக்குக் கட்டுப்படியாகாது என்று கருதிய அரசு நிதியை நிறுத்தியது. அவருடைய உதவியாளர் ஆபெல் பிஃப்ர் 1882-இல் சூரிய வெப்பத்தால் அச்சு எந்திரத்தை இயக்கிச் செய்தித்தாளே அச்சிட்டுக் காட்டினார். அதுவும் அரசின் மனத்தை மாற்றவில்லை. மூஷோ ஆசிரியப் பணிக்கே திரும்பினார். 1912-இல் பாரீஸில் வறுமையில் இறந்தார்.