மூசியாற்று வெள்ளமும் கவிக்குயிலும்

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், ஐதராபாத் நகரின் நடுவே ஓடும் மூசியாறு கரைகடந்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் சரிந்தன. அஃப்சல்கஞ்ச் பகுதியில் நின்ற பெரும் புளியமரமொன்றின் கிளைகளைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ 150 பேர் உயிர் பிழைத்தனர். அவ்வாய்ப்புக் கிட்டாது மாண்டவர்கள் சுமார் 15,000 பேர் என்பர்.

வெள்ளம் வடிந்தபின் துயருற்றோர்க்குத் தொண்டாற்ற முன்வந்தவர்களுள் இருபத்தொன்பது வயதுப் பெண்மணி ஒருவரும் இருந்தார். நான்கு குழந்தைகளின் தாய். அடிக்கடி நோய்வாய்ப்படும் மெலிந்த உடலினர். மூன்றாண்டுகளுக்கு முன்னரே இலண்டனில் கவிதை நூல் வெளியிட்டுப் புகழ் பெற்றவர். அவரே சரோஜினி நாயுடு.

சரோஜினி 1879 பிப்ரவரி 13இல் ஐதராபாத்தில் பிறந்தார். தந்தை அகோரநாத் சட்டோபாத்யாயர் அறிவியல் அறிஞர். அந்நகரின் கல்லூரியை நிறுவியவர். மகளைக் கணித வல்லுநராக்க விரும்பினார். மகளோ பதினொன்றாம் வயதில், விடை கிட்டாத இயற்கணிதக் கணக்கின் நடுவே தம் முதற்கவிதையை எழுதினார்! எனினும் படிப்பில் பின்தங்கவில்லை. பன்னிரண்டாம் வயதிலேயே சென்னைப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் மாநில முதன்மை பெற்றார்.

நிஜாம் அளித்த உதவித்தொகையுடன் 1895இல் இங்கிலாந்து சென்றார். அங்கே அவர் எழுதிய பாடல்களில் ஆங்கில நாட்டுப் பறவைகளும் பருவங்களுமே இடம்பெற்றன. திறனாய்வாளர் எட்மண்ட் காஸ், தாய்நாட்டைப் பாடுமாறு அறிவுறுத்தினார். கசப்பான அறிவுரைதான், ஆனால் அதுவே அவரைக் கவிஞராக்கியது. பல்லக்குத் தூக்குவோரும் வளையல் விற்போரும் ஐதராபாத் கடைவீதிகளும் அவர் பாட்டில் புகுந்தனர்.

தாயகம் திரும்பியபின், 1898இல் மருத்துவர் கோவிந்தராஜுலு நாயுடுவைச் சென்னையில் சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டார். 'பொன் வாசல்' என்னும் பொருள்படும் தலைப்புடன் 1905இல் வந்தது அவருடைய முதற்கவிதை நூல். ஐதராபாத்திலிருந்த அவர்தம் இல்லமும் அப்பெயராலேயே வழங்கியது.

தொண்டுக்காக ஆங்கில அரசு வழங்கிய கைசர்-இ-இந்த் பதக்கத்தை, ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின்னர் அவர் திருப்பி அனுப்பினார். 1917இல் மூன்றாம் நூல் வெளிவந்தது; அதன்பின் அவர் வாழ்நாளில் புதிய கவிதை நூல் எதுவும் வரவில்லை. மேடைப்பேச்சும் பயணமும் சிறையும் அவர் காலத்தை எடுத்துக்கொண்டன. 1925இல் கான்பூர்க் காங்கிரசுக்குத் தலைமை ஏற்றார்.

1930 மே மாதத்தில் காந்தியடிகளும், அவரை அடுத்து அப்பாஸ் தயாப்ஜியும் கைதாயினர். தாராசனை உப்பளப் போராட்டத்தை நடத்தும் பொறுப்பு சரோஜினியிடம் வந்தது. மே 21இல் சுமார் 2,500 தொண்டர்கள் அணி அணியாகச் சென்றனர். தடியடி விழுந்தபோதும் எதிர்த்துக் கையுயர்த்தலாகாது என்பதே அவர் இட்ட கட்டளை. தொண்டர்கள் அதனை மீறவில்லை. மண்டை உடைந்து வீழ்ந்தவர்களின் இடத்திற்கு அடுத்த அணி வந்தது. அன்றே அவரும் கைது செய்யப்பட்டார்.

விடுதலைக்குப்பின் ஐக்கிய மாகாணத்தின் ஆளுநராகி, நாட்டின் முதற் பெண் ஆளுநர் என்னும் சிறப்பைப் பெற்றார். அப்பதவியிலிருந்தபோதே 1949 மார்ச் 2இல் லக்னோவில் காலமானார்.

கவிதையை அவர் முற்றிலும் கைவிட்டார் என்றே பலரும் எண்ணியிருந்தனர். ஆயினும் 1927இல், அரசியல் ஓட்டத்தின் நடுவே அவர் எழுதிய பாடல்கள் எஞ்சியிருந்தன. அவற்றை 1961இல் மகள் பத்மஜா நூலாக வெளியிட்டார்.