பெட்ரோலா, டீசலா: எது முந்தும்? சண்டைக்குப் பின்னால் இருக்கும் ருடால்ஃப் டீசலின் கதை

கூலிமிலிருந்து பட்டர்வொர்த் போகும் நெடுஞ்சாலையில் ஒரு லோரியை முந்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எண்ணெயை மிதிக்கிறீர்கள். டீசல் கார் என்றால் கியர் மாறுவதற்கு முன்பே முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் கார் பெரும்பாலும் ஒரு கணம் தாமதித்து, கியரை இறக்கி, சத்தம் போட்டுக்கொண்டு கிளம்பும். கரங்கான் முதல் சுங்கைப்பட்டாணி வரை தேத்தண்ணிக் கடைகளில் நடக்கும் சண்டை இதை வைத்துத்தான்: டியூன் செய்த டீசல் வேகமா, பெட்ரோல் டர்போ வேகமா?

விடை இருக்கு. ஆனால் அதைப் புரிந்துகொள்ள, டீசல் என்ற பெயருக்குச் சொந்தக்காரரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளணும். ஆமாம், அது முதலில் எண்ணெயின் பெயர் இல்லை, மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசலுக்குப் பந்தயத்தில் நாட்டமில்லை. எரிபொருள் வீணாவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

1858 மார்ச் 18, பாரிஸ். ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து பிழைக்க வந்த ஒரு புத்தகம் கட்டுபவரின் வீட்டில் பிறந்தார். 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியர்களுக்கும் போர் மூண்டது. ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பம் லண்டனுக்குப் போனது. 12 வயதுப் பையன் மட்டும் ஆக்ஸ்பர்க்கில் உள்ள உறவினர் வீட்டுக்குத் தனியாக அனுப்பப்பட்டான். உறவினர் கணித ஆசிரியர். அங்கிருந்து உதவித்தொகையோடு மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரி. குளிர்பதனத் துறையின் பெரிய பெயரான கார்ல் வான் லிண்டே அங்கே அவருக்குப் பேராசிரியர்.

அந்த வகுப்பில் மனதில் விழுந்த விஷயம்தான் அவர் வாழ்க்கையையே பிடித்துக்கொண்டது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் நிலக்கரியின் வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றவில்லை. மிச்சம் எல்லாம் புகையும் சூடும்தான்.

நம்ம ஊர்ப் பக்கம் ஒரு சின்னத் தொடர்பும் உண்டு. மலாய்த் தீபகற்பத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நெருப்பு மூட்ட அந்தக் காலத்தில் ஒரு குழாய்க் கருவி இருந்தது. ஒரு பக்கம் மூடிய குழாய்க்குள் தண்டை ஓங்கி அழுத்தினால், காற்று நசுங்கிச் சூடாகி, உள்ளே இருக்கும் பஞ்சு பற்றிக்கொள்ளும். இதே தத்துவத்தில் வேலை செய்யும் கருவியை டீசல் மாணவப் பருவத்தில் பார்த்தார் என்று சொல்வார்கள். லிண்டேவுக்கு அது பினாங்கிலிருந்து கிடைத்தது என்று ஒரு கதையும் சுற்றுகிறது. கதையை விடுங்க, தத்துவம் முக்கியம்: காற்றை நன்றாக நசுக்கினால் ஸ்பார்க் பிளக் தேவையில்லை.

படிப்பு முடிந்ததும் பல வருடம் லிண்டேவின் குளிர்பதனத் தொழிலில் வேலை. 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1893-ல் கிடைத்தது. தாளில் அவர் போட்ட கணக்கு 250 வளிமண்டல அழுத்தம். அதைத் தாங்கும் இரும்பு அப்போது யாரிடமும் இல்லை. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் நிறுவனமும் ஆதரவு தர, இலக்கைப் பல மடங்கு குறைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

1893 ஆகஸ்ட் 10-ல் முதல் எரிப்பு. அளவுக் கருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் தப்பியது அதிர்ஷ்டம். அன்று உள்ளே ஊற்றிய எரிபொருள் எது தெரியுமா? பெட்ரோல்! கடைச் சண்டையில் அடுத்த முறை இதைச் சொல்லிப் பாருங்க.

எஞ்சினைத் திருத்தி, 1894 பிப்ரவரி 17-ல் மறுபடி ஓட்டினார்கள். 88 சுற்று, சுமார் ஒரு நிமிடம். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்தை நம்பி இன்னும் மூன்று வருடம் உழைத்தார். 1897-ல் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதிகாரபூர்வமாகச் சோதித்தபோது, எரிபொருளின் வெப்பத்தில் 26.2 விழுக்காடு வேலையாக மாறியது. மூன்று மீட்டர் உயர எஞ்சின், சுமார் 20 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 150 சுற்று சொச்சம். மைவியைவிடச் சக்தி குறைவு, ஆனால் அந்தக் காலத்தில் அந்த 26.2 உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

உங்கள் காரின் குணம் அங்கேதான் பிறந்தது. அதிக அழுத்தம் வேண்டும் என்றால் கனமான பாகங்கள் வேண்டும். கனமான பாகங்கள் வேகமாகச் சுற்றாது. எண்ணெய் எரியவும் நேரம் எடுக்கும். அதனால்தான் டீசல் கார் பொதுவாக 4,500 சுற்றுக்குள் மூச்சை முடித்துக்கொள்ள, பெட்ரோல் 6,500 வரை பாடிக்கொண்டே போகிறது. பதிலுக்கு டர்போ வைத்த டீசல், கீழ்ச் சுற்றிலேயே பலமான முறுக்குவிசை தருகிறது.

எண்ணில் பார்ப்போம். ஒரே உடம்பு, இரண்டு எஞ்சின்: ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப். பெட்ரோல் ஜிடிஐ 220 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். டீசல் ஜிடிடி 184 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர். முறுக்குவிசையில் டீசல்தான் மேலே. ஆனால் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டரைத் தொட, நிறுவனக் கணக்குப்படி ஜிடிஐக்கு 6.5 விநாடி, ஜிடிடிக்கு 7.5 விநாடி. ஒரு முழு விநாடி பின்னால்! காரணம் எளிது. சக்கரத்துக்குப் போவது முறுக்குவிசை மட்டும் இல்லை, அதைச் சுற்றோடு பெருக்கிய சக்தி. அதிகம் சுற்றும் எஞ்சின் குட்டையான கியரை வைத்துக்கொள்ளலாம், அதே கியரில் அதிக நேரம் இழுக்கலாம்.

அப்படியானால் லோரியை முந்தும்போது டீசல் ஏன் வேகமாகத் தெரிகிறது? கியரை இறக்காமலேயே அங்கே சக்தி தயாராக இருப்பதால். டர்போ இல்லாத பெட்ரோல் காரோடு, கியர் மாற்றாமல் 80-லிருந்து 120 என்று போட்டி வைத்தால் டீசல் பெரும்பாலும் ஜெயிக்கும். கியரை இறக்க விட்டால் இடைவெளி சுருங்கும், சில நேரம் தலைகீழாகும். இன்றைய பெட்ரோல் டர்போக்கள் 1,500 சுற்றிலேயே இழுக்கத் தொடங்குவதால் டீசலின் அந்தச் சலுகையும் பாதி போச்சு.

டியூன் செய்தால்? டர்போ அழுத்தத்தையும் எண்ணெய் அளவையும் மென்பொருளில் ஏற்றினால் டீசல் நிஜமாகவே மாறும், காகிதத்தில் தன்னைவிடப் பெரிய பெட்ரோல் காரைத் துரத்தும். விலையைக் கிளட்சும் கியர்பாக்ஸும் கொடுக்கும். கரும்புகை கக்கினால் அது வேகம் இல்லை, எரியாத எண்ணெய். சுற்றுச்சூழல் துறை சம்மன் கொடுப்பது தனிக் கதை. அந்தப் புகையைப் பார்த்திருந்தால் டீசல் வருத்தப்பட்டிருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது.

அவருடைய வருத்தங்கள் வேறு இருந்தன. காப்புரிமையை விற்றுப் பணக்காரரானார். அமெரிக்க உரிமைக்கு மட்டும் பீர் தொழிலதிபர் அடால்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க் கொடுத்தார். மியூனிக்கில் மாளிகை எழும்பியது. கூடவே வழக்குகள், நரம்புத் தளர்ச்சி, சிகிச்சை, நிலத்தில் போட்டுத் தோற்ற பணம். எண்ணெயைப் பீய்ச்ச பெரிய காற்றழுத்தக் கருவி தேவைப்பட்டதால் எஞ்சின் கப்பலுக்குப் பொருந்தியது, காருக்குள் அடங்கவில்லை. சாலை பெட்ரோலுக்கே போனது.

1913 செப்டம்பர் 29. இங்கிலாந்தில் புதிய எஞ்சின் ஆலை விஷயமாக, ஆன்ட்வெர்ப்பில் டிரெஸ்டன் என்ற நீராவிக் கப்பலில் ஏறினார். இரண்டு நண்பர்களோடு இரவுச் சாப்பாடு. காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் படுக்கை கலையவே இல்லை. தொப்பியும் மேல்கோட்டும் மேல்தளத்தில் இருந்தன. சுமார் பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் உடலைக் கண்டது. சட்டைப்பையில் இருந்த பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மாத்திரைப் பெட்டியையும் கண்ணாடிக் கூட்டையும் பார்த்து மகன் ஆய்கன் அப்பாவை அடையாளம் சொன்னார்.

உளவாளிகள் கொன்றார்கள், எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள் என்று இணையத்தில் வீடியோக்கள் நிறைய. ஆனால் கிளம்பும் முன் மனைவி மார்த்தாவிடம் கொடுத்துப் பிறகு திறக்கச் சொன்ன பையில், பணத்தோடு வங்கிக் கணக்குகள் காலி என்று காட்டும் தாள்களும் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. உளவாளிக் கதையைவிட அந்தத் தாள்கள்தான் அதிகம் பேசுகின்றன. வயது 55.

அவர் பெயர் காருக்கு வந்தது பிறகுதான். 1936-ல் மெர்சிடிஸ் 260 டி, வெறும் 45 குதிரைத்திறன், டாக்சிக்காரர்களுக்குச் செல்லப்பிள்ளை. 1998-ல் நியூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை பிஎம்டபிள்யூ 320டி வென்றது. 2006-ல் ஆடி ஆர்10 டிடிஐ லெ மான்ஸை வென்றது, அங்கே ஜெயித்த முதல் டீசல் கார். இரண்டிலும் எண்ணெய்க்கு நிற்கும் நேரம் குறைந்தது பெரிய உதவி. 1897-ன் கணக்கு பந்தயத்தில் பலித்தது.

நம்ம பக்கத்தில் கூலிம் இனோக்கோம் ஆலையில் பொருத்தப்படும் மாஸ்டா சிஎக்ஸ்-5, மலேசியாவில் பெட்ரோலிலும் டீசலிலும் விற்பனையானது. 2024 ஜூன் 10-ல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே நாளில் 3.35 ஆனபோது, டீசல் வாங்கியவர்களின் மாதக் கணக்கும் மாறிப்போனது.

இன்னும் ஒன்று. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. பார்த்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. தாவர எண்ணெய்க்கு ஒருநாள் மதிப்பு வரும் என்று டீசல் பிறகு எழுதியும் வைத்தார். 2020-ல் நம் கெடாவின் லங்காவியில் 20 விழுக்காடு செம்பனை எண்ணெய் எரிபொருள் கலந்த பி20 டீசல் அறிமுகமானது.