ராமன் பேசிய அந்த மாலை

ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி மெரினாவுக்குப் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கிறதே மாநிலக் கல்லூரி, அதில் 1903-ல் ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். வயது பதினான்குதான்! திருச்சி அருகே திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன்தான் அவன்.

பதினெட்டு வயதில் ராமனின் ஆராய்ச்சிக் கட்டுரை லண்டன் இதழில் வந்துவிட்டது. ஆனால் 1907-ல் கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரி வேலைக்குத்தான் போனார். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடமே கதி. 1917-ல் அந்த நல்ல வேலையை விட்டுவிட்டுப் பேராசிரியரானார்.

1921-ல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நிறம்தான் கடலில் தெரிகிறது என்று அப்போது பெரிய விஞ்ஞானிகளே நம்பினார்கள். ராமனுக்குச் சந்தேகம். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பட்டகத்தால் தடுத்துப் பார்த்தார். நீலம் மறையவில்லை! தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று புரிந்தது.

அதற்குப் பின் ஏழு ஆண்டு உழைப்பு. 1928 பிப்ரவரி 28-ல் விடை கிடைத்தது. பதினேழே நாளில், மார்ச் 16 மாலை, பெங்களூரில் விஞ்ஞானிகள் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச எழுந்தார் ராமன்.

கணக்குகளை அடுக்கி அவர் மிரட்டவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னார். 1923-லேயே அவரது மாணவர் ராமநாதன் கண்ணில் ஒரு மங்கல் ஒளி பட்டது. திரவத்தில் உள்ள அழுக்கோ என்று முதலில் நினைத்தார்கள். எத்தனை முறை சுத்தப்படுத்தியும் அது போகவில்லை.

சோதனையும் எளியதுதான். சூரிய ஒளியை நீல ஊதா வடிகட்டி வழியே திரவத்துக்குள் அனுப்ப வேண்டும். அந்த நிறத்தை அடியோடு தடுக்கும் மஞ்சள் பச்சை வடிகட்டி வழியே பக்கவாட்டில் பார்க்க வேண்டும். எதுவும் தெரியக்கூடாது அல்லவா? ஆனால் தெரிந்தது! உள்ளே போன ஒளியில் துளியளவு நிறம் மாறி வெளியே வந்தது. அதுதான் ராமன் விளைவு.

கூடவே உழைத்த கே.எஸ். கிருஷ்ணன், வெங்கடேஸ்வரன் பெயர்களைச் சொல்ல அவர் மறக்கவில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது என்றும் பெருமையடிக்கவில்லை. இப்போதுதான் ஓரத்தில் நிற்கிறோம் என்றார்.

அந்தப் பேச்சு மார்ச் 31-ம் தேதியிட்ட இதழில் அச்சாகி, வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் பறந்தது. அதே சமயம் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் என்ற இருவர் படிகக் கல்லில் இதே விளைவைக் கண்டிருந்தார்கள்! ராமனுக்கு அது தெரியாது. அவர்கள் கட்டுரை அச்சில் வந்தது ஜூலையில். 1930-ல் நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது. ரஷ்யர்களுக்கு மனம் எப்படி இருந்திருக்கும், பாவம்!

1970-ல் மறையும் வரை ராமன் பேச்சை விடவில்லை. எண்பது வயதில், 1968 டிசம்பரில், அகமதாபாத்தில் வானம் ஏன் நீலம் என்று பேசினார். பௌர்ணமி இரவில் வானம் நீலமாகத் தெரியாதது ஏன் என்றும் யோசிக்க வைத்தார். நிலவொளி மிக மங்கல்; அவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது.